ஏடிஎஸ்1115 டேட்டாஷீட்ல இன்புட் ரேஞ்ச் ±6.144 வோல்ட்னு போட்டிருக்கே, அப்போ 6 வோல்ட் கொடுக்கலாமா?

கூடாது. ஏடிஎஸ்1115ங்குறது ஒரு ஏடிசி, அதாவது வோல்டேஜ நம்பரா மாத்துற சிப். இந்த மாட்யூல் வாங்குற பாதி பேருக்கு வர்ற முதல் சந்தேகமே இதுதான், அதனால இத வெச்சே டிஃபரென்ஷியல் இன்புட் ரேஞ்ச எப்படி படிக்கணும்னு பாத்துடலாம்.

இந்த மாதிரி ஏடிசி டேட்டாஷீட்ல இன்புட் ரேஞ்சுக்கு ±ன்னு போட்டு ஒரு நம்பர் இருந்தா அது ரெண்டு இன்புட் பின்னுக்கு நடுவுல இருக்குற வித்தியாசம் மட்டும்தான். பிளஸ் பின் வோல்டேஜ்ல இருந்து மைனஸ் பின் வோல்டேஜ கழிச்சா என்ன வருதோ அது. ஒவ்வொரு பின்னும் கிரவுண்ட்ல இருந்து எவ்ளோ உயரத்துல நிக்கலாம்ங்குறது வேற கணக்கு, அது வேற டேபிள்ல, பல நேரம் கீழ சின்ன எழுத்துல ஃபுட்நோட்டா கிடக்கும். ஏடிஎஸ்1115ல எந்த பின்னும் கிரவுண்டுக்கும் சப்ளைக்கும் நடுவுலதான் இருக்கணும், 0.3 வோல்ட்டுக்கு மேல வெளிய போனா சிப்புக்கே ஆபத்து. 3.3 வோல்ட் சப்ளைல ஓட்டுறீங்கன்னா ±4.096 ரேஞ்ச் வெச்சாலும் 3.3 வரைக்கும்தான் கொடுக்க முடியும், அதுக்கு மேல உள்ள கோட் (ஏடிசி தர்ற நம்பர்) எல்லாம் சும்மா கிடக்கும். மைனஸ்னு போட்டிருக்குறதால நெகட்டிவ் வோல்டேஜ் கொடுக்கலாம்னும் நினைச்சுடாதீங்க. பிளஸ் பின்னா வெச்ச ஏஐஎன்0ல 1 வோல்ட், மைனஸ் பின்னா வெச்ச ஏஐஎன்1ல 2 வோல்ட் இருந்தா ரீடிங் −1 வோல்ட், ஆனா ரெண்டு பின்னும் பாசிட்டிவ்லதான் இருக்கு.

ஆக முதல் வேலை, பேப்பர்ல ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்ட வெச்சு மினிமம் மேக்ஸிமம் எழுதுங்க. அப்புறம் வித்தியாசத்தோட மினிமம் மேக்ஸிமம். அப்புறம் ரெண்டு பின்னோட சராசரி, அதான் காமன் மோட். இந்த மூணும் டேட்டாஷீட் லிமிட்டுக்குள்ள இருக்கணும், ரெண்டு இருந்து ஒண்ணு இல்லன்னாலும் வேலைக்கு ஆகாது.

அடிக்கடி மாட்டுறது கரண்ட் அளக்குற கேஸ். 12 வோல்ட் பேட்டரியோட பாசிட்டிவ் லைன்ல ஷன்ட் ரெசிஸ்டர் (கரண்ட் அளக்குறதுக்காக வழில போடுற ரொம்ப சின்ன ரெசிஸ்டர்) போட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்தானே டிராப், ±0.256 ரேஞ்சுக்குள்ள அழகா வருதேன்னு நேரா ஏடிசில மாட்டினா கதை முடிஞ்சுது, ஏன்னா வித்தியாசம் 50 மில்லிவோல்ட்தான் ஆனா ரெண்டு பின்னுமே 12 வோல்ட்ல நிக்குது. ஷன்ட்ட கிரவுண்ட் பக்கம் மாத்துங்க, இல்லன்னா ஐஎன்ஏ219 மாதிரி கரண்ட் அளக்குறதுக்குன்னே செஞ்ச சிப்ப போடுங்க.

லோட் செல்லுக்கு (எடை அளக்குற சென்சர்) போடுற எச்எக்ஸ்711ங்குற ஏடிசில இதுக்கு நேர் எதிர் பிரச்சினை. கெயின் (சிக்னல எத்தன மடங்கு பெருக்குதுங்குறது) 128ல ரேஞ்ச் ±20 மில்லிவோல்ட். 2 மில்லிவோல்ட்/வோல்ட் லோட் செல்லுக்கு 5 வோல்ட் எக்ஸைட்டேஷன் (அத ஓட்டுற சப்ளை) கொடுத்தா ஃபுல் லோட்ல 10 மில்லிவோல்ட் வரும், சரியா உட்காருது. (இதே 10 மில்லிவோல்ட்ட ஏடிஎஸ்1115 கிட்ட கொடுத்தா, சின்ன ரேஞ்ச்லயே ஒரு கோட் 7.8125 மைக்ரோவோல்ட், மொத்தமே 1280 கோட்தான் கிடைக்கும்.) ஆனா எச்எக்ஸ்711க்கு காமன் மோட் 1.2 வோல்ட்டுக்கு மேலயும் அனலாக் சப்ளைல இருந்து 1.3 வோல்ட் கீழயும் இருக்கணும். லோட் செல்லுக்குள்ள இருக்குற ரெசிஸ்டர் பிரிட்ஜ்ல ரெண்டு சிக்னல் வயரும் தானாவே 2.5 வோல்ட் பக்கம் நிக்குறதால யாருக்கும் இது தெரியறதே இல்ல. ஆனா வேற ஏதோ சென்சர் மாட்டி மைனஸ் பின்ன கிரவுண்ட்ல கட்டினீங்கன்னா காமன் மோட் 0 பக்கம் போயிடும், ரீடிங்க நம்ப முடியாது.

கொஞ்சம் பெரிய லெவல்ல, ஸ்பீடான எஸ்ஏஆர் ஏடிசிக்கு (படிப்படியா ஒப்பிட்டு அளக்குற வகை) போனா ஃபுல்லி டிஃபரென்ஷியல்னு ஒண்ணு வரும். ரெஃபரன்ஸ் (ஏடிசி ஒப்பிட்டு அளக்குற வோல்டேஜ்) 5 வோல்ட்னா ஒவ்வொரு பின்னும் 0ல இருந்து 5 வரைக்கும் ஆடும், ஒண்ணு ஏறுறப்ப இன்னொண்ணு இறங்கணும், அப்போ வித்தியாசம் −5ல இருந்து +5, மொத்தம் 10 வோல்ட் பீக் டு பீக். இங்க மைனஸ் பின்ன 2.5ல கட்டி வெச்சுட்டு பிளஸ்ஸ மட்டும் ஆட்டினா வித்தியாசம் ±2.5தான், பாதி ரேஞ்ச் போச்சு. அது மட்டும் இல்ல, காமன் மோட் 1.25க்கும் 3.75க்கும் நடுவுல ஆடும், இந்த வகை ஏடிசில பலதுக்கு ரெஃபரன்ஸ்ல பாதி, அதுல இருந்து 100 மில்லிவோல்ட் இந்தப்பக்கம் அந்தப்பக்கம், அவ்ளோதான் அனுமதி. அதனாலதான் ஏடிஏ4940 மாதிரி டிஃபரென்ஷியல் ஆம்ப் (எதிரெதிரா ஆடுற ரெண்டு அவுட்புட் தர்ற ஆம்ப்ளிஃபையர்) போட்டு, அதோட அவுட்புட் காமன் மோட்ட செட் பண்ற விஓசிஎம் பின்ல ரெஃபரன்ஸ்ல பாதிய கொடுக்குறாங்க.

அந்த ஆம்ப்ப 5 வோல்ட் சிங்கிள் சப்ளைல ஓட்டினா அவுட்புட் 0வையும் 5ஐயும் முழுசா தொடாது, ஓரத்துல சிக்னல் கசங்கும். ஒண்ணு சப்ளைய ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டணும், இல்ல ரேஞ்ச விட்டுக்கொடுக்கணும். எல்டிசி2378-20ங்குற எஸ்ஏஆர் ஏடிசில இதுக்குன்னே டிஜிட்டல் கெயின் கம்ப்ரெஷன்னு ஒரு வசதி இருக்கு, ஆன் பண்ணா பின் 0.5ல இருந்து 4.5 வரைக்கும் ஆடினாலே ஃபுல் ஸ்கேல் கோட் வந்துடும். ரேஞ்ச் 20 சதவீதம் குறையும், ஆனா தனியா நெகட்டிவ் சப்ளை கட்டுற தலைவலி இல்ல. என்ன கேட்டா இதுதான் நல்ல டீல்.

போர்ட் ரெடியானதும் சென்சர மாட்டறதுக்கு முன்னாடி, ரெண்டு இன்புட்டையும் ஷார்ட் பண்ணி பொட்டென்ஷியோமீட்டர் வழியா நடு சப்ளைல வெச்சு ரீடிங் பாருங்க, 0 பக்கம் இருக்கணும். அப்புறம் பொட்ட மெதுவா மேலயும் கீழயும் திருப்புங்க, எந்த வோல்டேஜ்ல ரீடிங் 0வ விட்டு நகர ஆரம்பிக்குதோ அந்த இடத்துக்கு இந்தப்பக்கமே உங்க சிக்னலோட காமன் மோட்ட வெச்சுக்கோங்க. டேட்டாஷீட் லிமிட்ட தாண்டி மட்டும் திருப்பாதீங்க.