கணினிக் கடிகாரம் பின்னால் போனதால் வந்த பாதுகாப்புப் பிழை

ஒரு வாரம் மூடிக் கிடந்த மேசைக் கணினியைத் திறந்தேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்ற எச்சரிக்கைதான். குக்கீ, கேஷ் எல்லாம் அழித்தேன். வேறு பிரவுசரிலும் பார்த்தேன். பலன் இல்லை. மொபைலிலோ, அதே வைஃபையில், எல்லாம் சரியாகத் திறந்தது. எச்சரிக்கையை மீறி உள்ளே போக மட்டும் மனம் வரவில்லை. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினி அது.

அப்புறம்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்த பிழைக் குறியீட்டை ஒழுங்காகப் படித்தேன். 'டேட் இன்வேலிட்' என்று இருந்தது. திரையின் மூலையில் பார்த்தால் 2015 ஜனவரி 1! ஒரு தளம் தான் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் ஒவ்வொரு பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. பிரவுசர் அவற்றைக் கணினிக் கடிகாரத்தோடுதான் ஒப்பிடும். 2015-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எதுவுமே செல்லாது.

தேதியைத் திருத்தியதும் சரியானது. ஆனால் இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்தால் காலையில் மறுபடியும் 2015. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்ட மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டியது மீட்டரில் 2.1தான் காட்டியது. மின்சாரத்தைத் துண்டித்து, கொக்கியை நகத்தால் தள்ளி, பிளஸ் பக்கம் மேலே வருமாறு புதியதைப் பொருத்தினேன். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் தேதியை வைத்தேன். மறுநாள் காலை கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.