நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் டவுன்ஹில் வீரனுக்கு ஒரு பயிற்சி முறை

என் பேரனுக்கு 15 வயது. சுவிஸில் பிறந்தவன். பனிச்சறுக்கில் டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் மிக வேகமாக இறங்கும் போட்டி, ஓடுகிறான். பள்ளி விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி கொக்குவிலுக்கு வந்துவிடுவான். பெரிய வீரர்கள் அந்த மாதங்களில் சுவிஸின் செர்மாட் பனியாற்றுக்கும் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கும் பனி தேடிப் போகிறார்கள். இங்கே பனியும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் காலின் பலத்தைக் காப்பாற்ற யாழ்ப்பாணம் போதும். விளையாட்டு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் மூன்று விடுமுறைகளில் கண்டதை, இப்படியொரு பிள்ளை வரப்போகிற வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன்.

அந்தக் கால்கள் என்ன வேலை செய்கின்றன என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். சுவிஸின் வெங்கனில் நடக்கும் லவுபர்ஹோர்ன் டவுன்ஹில் ஓட்டம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர், இரண்டரை நிமிடம். பெரும்பாலும் முழங்காலை மடித்துக் குனிந்தபடியே வரவேண்டும். 2013 இல் பிரெஞ்சு வீரர் யொஹான் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். 2024 இல் நோர்வேயின் கில்டே விழுந்தது முடிவுக்கோட்டுக்குக் கிட்ட. ஆகவே நாங்கள் பயிற்சி கொடுப்பது கால் களைத்துப்போகும் அந்தக் கடைசி அரை நிமிடத்துக்கு.

முற்றத்தில் தொடங்கலாம். தொடை நிலத்துக்குக் கிடையாக வரும்வரை குந்தி, இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து, பார்வையைத் தூரத்தில் வைத்து அப்படியே நிற்கவேண்டும். முதல் வாரம் 45 நொடி போதும். ஐந்தாம் வாரத்தில் இரண்டரை நிமிடம் வரும். தொடை நடுங்கத் தொடங்கியதும் முழங்கால் உள்ளே சாயும், அதைக் கவனியுங்கள். சாய்ந்தால் உடனே நிறுத்துங்கள்.

காலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தால் சைக்கிள். அந்த மாதங்களில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். தீவுப் பக்கம் போகும்போது காற்று முகத்துக்கு நேரே வரும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. நெஞ்சு கைபிடியில் படுமளவுக்குக் குனிந்து, முழங்கையை உள்ளே இழுத்தால் மிதி இலேசாகும். கொஞ்சம் வெளியே விட்டால் காற்று பிடித்து நிறுத்தும். நான் வாயால் சொல்லி விளங்காததை அவனுக்குச் சோளகம் ஒரே காலையில் சொல்லிக்கொடுத்தது. தலைக்கவசம் கட்டாயம். பஸ் ஓட்டம் கூடுமுன் வீட்டுக்குத் திரும்பி விடுங்கள். வந்ததும் உப்புப் போட்ட மோர் கொடுங்கள், குளிரில் வளர்ந்த உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒரு கிழமையாவது எடுக்கும்.

அப்புறம் மணற்காடு. பருத்தித்துறைக்குத் தெற்கே, எங்கள் குடாநாட்டில் ஓடி இறங்கக்கூடிய சரிவு அந்த மணல்மேடுகளில்தான் இருக்கிறது. இதில் நான் முதல் வருடம் பெரிய பிழை விட்டேன். பிள்ளை வந்து மூன்றாம் நாளே கூட்டிப்போய் பதினைந்து தடவை இறங்கச் செய்தேன். இரண்டு நாள் அவனால் விறாந்தைப் படி இறங்க முடியவில்லை. மகள் என்னோடு கதைக்கவே இல்லை. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. நோவு வருவதும் அதில்தான், டவுன்ஹில்லுக்கு வேண்டிய பலம் ஏறுவதும் அதில்தான். ஆகவே இரண்டாம் கிழமைக்குப் பிறகு, கிழமைக்கு ஒரு தடவை, நாலு இறக்கத்தில் தொடங்குங்கள். அடம்பன் கொடி படர்ந்த பக்கம் கால் வைக்கவேண்டாம். அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

அவசரப்படவேண்டாம் என்று பெற்றோருக்கும் சொல்லுங்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே கிளாரே வெள்ளி எடுத்தபோது அவருக்கு 41 வயது. தங்கம் எடுத்த சுவிஸ்காரர் பியாட் ஃபொய்ட்ஸுக்கும் அவருக்கும் இடையில் இருந்தது நொடியில் பத்தில் ஒரு பங்கு.

பின்னேரம் கோயிலால் வந்தபின் ஒரு வேலை இருக்கிறது. வீரர்கள் ஓடுமுன் தடத்தைப் பார்வையிட்டு, கண்ணை மூடி மனதுக்குள் ஓடிப் பார்ப்பார்கள். பிள்ளையை விறாந்தையில் இருத்தி, தான் கடைசியாக ஓடிய தடத்தைக் கண்மூடி ஓடச் சொல்லுங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் விரலை உயர்த்தட்டும், நீங்கள் கடிகாரத்தைப் பிடியுங்கள். உண்மையான நேரத்தைவிட மிகக் குறைவாக வந்தால் எங்கேயோ ஒரு வளைவை விட்டுவிட்டான். எந்த வளைவு என்று கேளுங்கள், அவனே கண்டுபிடிப்பான். பிறகு மேலிருந்து திரும்பவும் ஓடச் சொல்லுங்கள்.