களை மருந்துக்கு விதைச்ச நாளை எண்ணுங்க

தாமிரபரணியோட கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல கார் பருவ நெல்லுக்குக் களை மருந்து அடிக்கப் போறவங்க "நட்டு எத்தன நாளாச்சு?"ன்னுதான் கணக்குப் பாப்பாங்க. களை முளைக்கிறதுக்கு முன்ன போடுற மருந்துக்கு அது சரி. பூட்டாக்குளோர்னா நட்ட மூணாம் நாள், ஏக்கருக்கு ஒரு லிட்டர், 20 கிலோ காஞ்ச மணல்ல கலந்து, மெல்லிசா தண்ணி நிக்கும்போது வீசணும். ரெண்டு நாளைக்கு வடிக்கவும் கூடாது, புதுத்தண்ணி பாய்ச்சவும் கூடாது.

கோரைக்கும் அகல இலைக் களைக்கும் அடிக்கிற டூ ஃபோர் டி (2,4-D) மருந்துக்குக் கணக்கே வேற. பயிர் தூர் கட்டின பிறகு, குருத்துக்குள்ள கதிர் உருவாகுறதுக்கு முன்ன, அந்த இடைவெளியிலதான் நெல்லு அதைத் தாங்கும். முந்தி அடிச்சா இலை வெங்காயத்தாள் மாதிரி குழலா வரும். பிந்தி அடிச்சா பயிர் பச்சையாத்தான் நிக்கும், ஒண்ணும் தெரியாது. கதிர் வெளிய வரும்போது கோணலும் பதருமா வரும். அப்புறம் எந்த உரம் போட்டும் அந்த மணி திரும்பாது.

கதிர் உருவாகி அறுப்புக்கு வர சுமார் 65 நாள். அம்பை 16 (ASD 16) நெல் ரகத்துக்கு வயசு 110 நாள்னா, விதைச்ச 45-ஆம் நாள் வாக்குல உள்ள கதிர் பிடிச்சிரும். 25 நாள் நாத்தை நட்டிருந்தா, நட்டு 20 நாள்லயே கெடு முடிஞ்சுது. கால்வாய்த் தண்ணி பிந்தி 35 நாள் நாத்தை நட்டிருந்தீங்கன்னா கெடு இன்னும் குறுகும். "நட்டு மூணு வாரம்"ங்கிற பழைய கணக்கு அங்க ஆகாது. காருக்கு அடுத்து வர்ற பிசானப் பருவத்துல 135 நாள் ரகம் போட்டவங்களுக்கு இந்த நெருக்கடி இல்ல.

நாள் கணக்கோட நிக்காம பயிரையும் பாருங்க. நாலஞ்சு இடத்துல தூரைப் பிடுங்கி, தாய்த்தண்டை அடியில இருந்து பிளேடால நெடுக்கப் பிளங்க. மேல் கணுவுக்கு மேல வெள்ளையா, பொடி மயிரோட ஒரு முனை, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைக் கண்டா டப்பாவை மூடி வச்சிட்டு ஆள விட்டுக் கையால களை எடுங்க. கூலி வலிக்கும், ஆனா மகசூல் நிக்கும்.

இன்னொண்ணு, ஆனி ஆடிக் காத்து. பக்கத்துல வாழையோ பருத்தியோ நின்னா காத்து எழும்புமுன்ன விடியக்காலைல அடிங்க, மருந்தடிக்கிற ஹேண்ட்பம்பு வாயைத் தாழ்த்திப் பிடிங்க. அந்தப் பம்பை வேற பயிருக்கு எடுக்கவே எடுக்காதீங்க.