டிஸ்ப்ளே போச்சு என்று முடிவு கட்டும் முன்

"அண்ணா, டிஸ்ப்ளே மாத்தி ரெண்டு வாரம்தான் ஆகுது. மறுபடியும் கோடு விழுது."

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண். வேறொரு கடையில் புது பேனல் (படம் தெரியும் திரைப் பலகை) போட்டிருக்கிறார். பழையதை அங்கேயே விட்டுவிட்டார். லேப்டாப்பை மேசையில் வைத்து மூடியை மெல்லத் திறந்தேன். பாதி திறக்கும்வரை படம் பளிச்சென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் திரை முழுக்க இளஞ்சிவப்பு படர்ந்து கோடுகள் ஓடின. முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிட்டது. கீலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். டிஸ்ப்ளே கேபிள் வளையும் இடத்தில் டேப் தேய்ந்து, முடி அளவு கம்பி ஒன்றில் செம்பு தெரிந்தது. கேபிளை மாற்றியதோடு வேலை முடிந்தது. அவர் விட்டுவந்த பேனல் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

படம் மதர்போர்டின் கிராபிக்ஸ் சிப்பில் உருவாகி, கீல் வழியாகப் போகும் கேபிளில் ஏறி, பேனலுக்கு வருகிறது. கோளாறு எங்கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது திரையில்தான், அதனால் பழி முழுக்க பேனல் மேல் விழுகிறது. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிர்வது கேபிள்தான். 2016-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இதுவே பெரிய பிரச்சினையானது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டின் கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் மேடை விளக்கு போட்டதுபோல் வெளிச்சத் திட்டுகள் விழுந்தன. சில கருவிகளில் மூடியை ஓர் அளவுக்கு மேல் திறந்தாலே திரை இருண்டுவிடும். 2019 மே மாதம் ஆப்பிள் இதற்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டமே அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே கோடோ மினுமினுப்போ வந்தால் முதலில் மூடியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப மாறினால் சந்தேகம் கேபிள் மேல்தான் போக வேண்டும். திரையை விரலால் அழுத்திப் பார்க்கவே கூடாது. கண்ணாடி மிக மெல்லியது, இல்லாத விரிசலை நாமே உண்டாக்கிவிடுவோம்.

கோடு வந்ததும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் வீண், சில சமயம் ஃபைல்களும் போய்விடும். அதற்குப் பதில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போனில் பார்க்கும்போது கோடு இல்லையென்றால் பழுது பெரும்பாலும் பேனலிலோ கேபிளிலோதான். போனிலும் கோடு தெரிந்தால் கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கே விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, ஆகவே அங்கேயும் கோடு இருந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை. டெல் லேப்டாப் என்றால் இன்னொரு வசதி இருக்கிறது. அணைத்துவிட்டு, டி எழுத்தை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால் திரை ஒவ்வொரு நிறமாக மாறும். அதிலும் கோடு தெரிந்தால் பேனல் பக்கம்தான் கோளாறு.

திரை முழுக்கக் கறுப்பாக இருக்கிறதா? இருட்டு அறையில் போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்து அடியுங்கள். எல்சிடி திரை தானாக ஒளிராது, பின்னால் இருக்கும் எல்இடி விளக்குதான் வெளிச்சம் தருகிறது. டார்ச் ஒளியில் டெஸ்க்டாப் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்று பொருள். அது கேபிளாகவோ போர்டில் உள்ள கடுகளவு ஃப்யூஸாகவோ இருக்கலாம். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

டிவியிலோ மானிட்டரிலோ எச்டிஎம்ஐ போட்டுப் பார்ப்பது பலருக்கும் தெரியும். வெளியே படம் நன்றாக வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அப்படியே நம்பிவிடுகிறோம். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ ஒரு சிப்பிலிருந்தும் உள்திரை இன்னொன்றிலிருந்தும் வரக்கூடும், அங்கே இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் கறுப்பு, ஆனால் ஃபேன் ஓடுகிறது என்றால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த யோசனை.

மூடி மூடியிருப்பதைக் காந்தத்தை வைத்தே பல லேப்டாப்புகள் உணர்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேப்டாப் வைத்தாலோ, காந்தக் கொக்கி உள்ள வாட்ச் பட்டை அருகில் வந்தாலோ திரை அணையலாம்.

நீங்களே பிரிக்கப் போகிறீர்கள் என்றால் சார்ஜரை எடுத்தால் மட்டும் போதாது. உள்ளே பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் டிஸ்ப்ளே கேபிளைத் தொடாதீர்கள். பேக்லைட்டுக்குப் போகும் மின்சாரம் அந்தக் கேபிளில்தான் போகிறது. கனெக்டர் கொஞ்சம் சாய்ந்து ஷார்ட் ஆனாலும் போர்டு ஃப்யூஸ் போய்விடும். அதன்பின் எந்தப் புது பேனலைப் போட்டாலும் கறுப்பாகவே இருக்கும்.

பேனல்தான் என்று உறுதியான பிறகும் லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள் கேபிள் கனெக்டரில் 30 பின், 40 பின் என இரண்டு வகையும் வருவதுண்டு, ரெசல்யூஷனும் மாறும். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, அதில் உள்ள எண்ணைக் காட்டிக் கேளுங்கள். கூடவே பழைய பேனலையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.