கப்சாய் புளோக்கை அளந்து மோட்டோஜிபி எஞ்சின் விதியைப் புரிந்துகொள்வது எப்படி

2027 முதல் மோட்டோஜிபி (உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சப் பிரிவு) எஞ்சின் 1000 சி.சி.யிலிருந்து 850 சி.சி.க்கு இறங்குகிறது. சுங்கை சிப்புட் கோப்பிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முழுக்க இந்த சி.சி.யைச் சுற்றித்தான் நடக்கிறது. சூட்சுமம் அதில் இல்லை. அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது: சிலிண்டரின் போர், அதாவது உள்விட்டம், 81 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்றிருந்தது 75 மி.மீ. ஆகிறது. அந்த வரி ஏன் என்று விளங்க ஒரு கால்குலேட்டரும், ஃபோமன் (மெக்கானிக்) உங்கள் கப்சாயின், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளின், ஹெட்டைக் (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றி வைத்திருக்கும் ஒரு மத்தியானமும் போதும்.

முதலில் போர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் அலுமினியம் விரிந்திருக்கும், எண் கூடுதலாக வரும். சுவரில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு வெர்னியர் காலிபரின் உள்தாடையை வைத்து, லேசாக ஆட்டி, வரும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சி.சி. கணக்குக்கு இது போதும். தேய்மானம் பார்க்க வேண்டுமானால் போதாது. அதற்கு போர் கேஜ்தான் சரி. புளோக்கைத் (சிலிண்டர் இருக்கும் உடல்) தனியே எடுத்து மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் பிஸ்டனில் குறுக்கே கோத்திருக்கும் பின் (pin) கிடக்கும் திசையில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை, ஆக 6 எண் எடுக்க வேண்டும். குறுக்கே அளந்த எண் கூடுதலாக இருந்தால் வியப்பில்லை, பிஸ்டன் சாய்ந்து அழுத்துவது அந்தச் சுவரைத்தான். மேல் மட்டம் அதிகம் தேய்ந்திருக்கும்: ரிங் திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்துவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓடிய மோட்டார் என்றால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அடுத்து ஸ்ட்ரோக், பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை ஓடும் தூரம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெட் இல்லாமல் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் உராய்வில் புளோக்கும் சேர்ந்து மேலே வரும். இரண்டு போல்ட்டில் வாஷர் அடுக்கிப் புளோக்கை அழுத்தி வையுங்கள். டைமிங் செயினை ஒரு கம்பியில் மாட்டி இழுத்துப் பிடிக்க ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் அது கீழே சுருண்டு பல்லில் சிக்கும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, காலிபரின் வால் கம்பியால் புளோக்கின் மேல் விளிம்பிலிருந்து பிஸ்டன் தலையின் நடுப்புள்ளி வரை ஆழம் பாருங்கள். பிஸ்டன் தலை விளிம்புக்கு மேலே நின்றால் அதைக் கழித்தல் எண்ணாகக் குறியுங்கள். பிறகு பிஸ்டனை அடிக்கு இறக்கி அதே புள்ளியில் இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஸ்ட்ரோக். புள்ளியை மாற்றினால் எண் கெட்டுவிடும், ஏனென்றால் பிஸ்டன் தலை சமதளம் அல்ல.

போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854, பிறகு 1000ஆல் வகுத்தால் சி.சி. யமஹா ஒய்15இசட்ஆர் 57 × 58.7 மி.மீ., ஆக 149.8 சி.சி. பழைய எல்சி135 அதே 58.7 ஸ்ட்ரோக், போர் மட்டும் 54. வருவது 134.4. வெறும் 3 மி.மீ. போருக்கு 15 சி.சி. கூடுகிறது, போர் கணக்கில் இரண்டு தடவை பெருகுவதால் வரும் வேலை இது.

இனி பிஸ்டன் வேகம். 2 × ஸ்ட்ரோக் × ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), 60,000ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று சராசரி வரும். ஒய்15 தன் உச்ச சக்தியை 8,500இல் தருகிறது: 16.6 மீட்டர். சுசுகி ரைடர் ஆர்150 எஃப்ஐ அகலமான போர், குட்டை ஸ்ட்ரோக், 62 × 48.8, உச்ச சக்தி 10,000இல், பிஸ்டன் வேகம் 16.3. ஆர்.பி.எம்.மில் 1,500 வித்தியாசம், பிஸ்டனுக்கு விழும் பாடு ஏறக்குறைய ஒன்றே. ஸ்ட்ரோக்கைக் குறைத்தால் எஞ்சினைக் கூடுதலாகச் சுற்றவிடலாம், சுற்று கூடினால் சக்தி கூடும். போட்டி எஞ்சின் செய்யும் எல்லாக் கம்பெனியும் ஓடுவது இந்தப் பக்கம்தான்.

இதே கணக்கை மோட்டோஜிபிக்குப் போடுங்கள். 1000 சி.சி., 4 சிலிண்டர், ஒன்றுக்கு 250. போர் 81 என்றால் ஸ்ட்ரோக் 48.5 மி.மீ. வருகிறது, சுசுகி ரைடரின் 48.8ஓடு ஒப்பிட்டால் முடியளவு வித்தியாசம். (மோட்டோ3இல் ஒற்றை சிலிண்டர் 250 சி.சி.க்கும் அதே 81 மி.மீ. வரம்புதான், ஆர்.பி.எம். மட்டும் 13,500இல் பூட்டப்பட்டிருக்கிறது.) 18,000 ஆர்.பி.எம்.முக்குப் பிஸ்டன் வேகம் 29.1 மீட்டர். சாதாரண வால்வு ஸ்பிரிங் அந்தச் சுற்றில் வால்வை நேரத்துக்கு மூட முடியாமல் மிதக்கும். அதனால்தான் மற்றவர்கள் காற்றழுத்த ஸ்பிரிங் வைக்கிறார்கள். டுகாட்டி மட்டும் டெஸ்மோ முறையில் வால்வை மூடுவதற்கும் தனிக் கை வைத்திருக்கிறது.

விதியில் சி.சி.யை மட்டும் 850ஆகக் குறைத்து, போரை 81இலேயே விட்டிருந்தால்? சிலிண்டருக்கு 212.5 சி.சி., ஸ்ட்ரோக் 41.2 மி.மீ. அதே 29.1 மீட்டர் வேகத்துக்கு எஞ்சின் 21,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டிச் சுற்றலாம். குறைத்த சி.சி.யைச் சுற்றிலேயே மீட்டுவிடுவார்கள், செலவும் ஏறும். போர் 75 ஆனதும் ஸ்ட்ரோக் 48.1 ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட பழைய அளவு. சுற்றைக் கூட்டும் வழி அடைபடுகிறது.

கம்பெனிப் போட்டியைத் தொடர, ஓட்டுநர் பட்டியலோடு, பின்தங்கிய கம்பெனிக்குக் கூடுதல் சலுகை தரும் பட்டியலையும் பாருங்கள். கம்பெனிகளுக்கான புள்ளியில் 85 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் ஏ பிரிவு, 35க்குக் கீழே டி பிரிவு. 2024இல் நடந்த 20 பந்தயங்களில் 19ஐ டுகாட்டி மோட்டார்கள் வென்றன, மிஞ்சிய ஒன்று ஏப்ரிலியாவுக்கு. அந்த ஆண்டு ஹோண்டாவும் யமஹாவும் டி பிரிவில் நின்றன. டி பிரிவுக்கு எஞ்சின் வடிவத்தைச் சீசன் நடுவிலும் மாற்ற அனுமதி உண்டு. யமஹா, நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சினுக்குப் பதில் 2025 செப்டம்பரில் மிசானோவில் வி4 (சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும்) எஞ்சினைக் களமிறக்க முடிந்ததற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

பெட்ரோலும் குறைகிறது, 22 லிட்டர் 20 ஆகிறது. செப்பாங் ஒரு சுற்று 5.543 கி.மீ.; 20 சுற்று ஓடினால் 111 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தாலே போதும் என்றிருந்த எஞ்சின் இனி ஐந்தரை கொடுத்தாக வேண்டும்.

கணக்கு கையில் வந்ததும் பலருக்கு 62 மி.மீ. புளோக் மேல் ஆசை வரும். ஒய்15 சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியம். புளோக்கையே மாற்றியாக வேண்டும். 62 × 58.7 என்றால் 177.2 சி.சி. ஸ்டாக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 10.4. ஹெட்டில் உள்ள இடம் 149.8ஐ 9.4ஆல் (10.4இல் ஒன்று கழித்தது) வகுத்தால் 15.9 சி.சி. அந்த இடம் மாறாமல் புளோக் மட்டும் மாறினால் கம்ப்ரெஷன் 12.1க்கு ஏறும். ரோன்95 பெட்ரோல் ஊற்றி மேட்டில் பாரம் ஏற்றினால் தட்டும் சத்தம் கேட்கும். ஸ்டாக் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலைக் கொடுக்காது, கலவை மெலிந்து பிஸ்டன் தலை சுடும். பிஸ்டன் கனமானதால் பேலன்ஸ் மாறி ஹேண்டில் அதிரும். கெரானில் (வாகனப் பதிவுச் சான்று) எழுதியிருக்கும் சி.சி.யோடு எஞ்சின் ஒத்துப்போகாவிட்டால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் மாட்டுவீர்கள். புளோக் வாங்குவதற்கு முன் பிஸ்டன் தலையின் உயரத்தையும் கேஸ்கெட் கனத்தையும் கேட்டு, அந்த 15.9ஐ மறுபடி கணக்குப் பாருங்கள்.