டொன்சில் எடுத்த பிள்ளைக்குக் காதுவலி: என் அனுபவம்

ஆறு வயது மகனுக்கு டொன்சில் எடுத்து, ஹட்டன் பக்கத்தில் உள்ள எங்கள் லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள், விடிய 5 மணிக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். தொண்டையைக் காட்டவேயில்லை. பனிக்காற்று அடித்திருக்கும் என்று மப்ளர் சுற்றினோம், பஞ்சு வைத்தோம். இரண்டு நாள் வீணாய்ப் போனது. சூடான கொத்தமல்லித் தண்ணீரையும் துப்பிவிட்டான்.

டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை என்றார். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வெட்டிய இடத்து வலி காதில் தெரியுமாம். அப்புறம், "ராத்திரியில் வலிக்கான பாணி மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். அங்கேதான் பிழை. 8 மணிக்குக் கொடுத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் விட்டிருந்தோம். விடியும்போது மருந்தின் வேலை முடிந்திருக்கும். வாயால் மூச்சுவிட்டுத் தொண்டையும் காய்ந்திருக்கும்.

அன்றிரவு 2 மணிக்கு அலாரம் வைத்தேன். அவன் எடை 16 கிலோ. 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பரசிட்டமோல் பாணியில் 10 மில்லிலீட்டர், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்தார். வீட்டுக் கரண்டியை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்து ஓரமாக மெதுவாக விட்டேன். அரை மணி கழித்து ஆறின தண்ணீர், மடக்கு மடக்காக. காலையில் அழுகையில்லை, ரொட்டி கேட்டான். அப்பாடா என்றிருந்தது.

அளவு எடைக்கு எடை மாறும், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம் புண் ஆறுகிற அடையாளம், சீழ் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சிவப்பாக இரத்தம் வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.