நியமிப்பு வாசிப்பு எங்கே பிழைக்கிறது?

அமில மூல நியமிப்புக்கு, அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மற்றதன் செறிவைக் கணிக்கும் பரிசோதனைக்கு, ஆயத்தமாகும் வன்னி மாணவர் முதலில் ஐயுற வேண்டியது கழுவும் நீரையே. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கவைக்கும் கிணற்று நீரில் கல்சியம் ஐதரசன்காபனேற்று கரைந்திருக்கிறது. அது அமிலத்துடன் தாக்கமுறும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மையுள்ள நீர் 5 மில்லிலீற்றர் குடுவையில் தங்கியிருந்தால், மெதைல் செம்மஞ்சள் காட்டியுடன் (நிறம் மாறி முடிவைக் காட்டும் சாயம்) 0.1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம் 0.3 மில்லிலீற்றர் கூடுதலாகச் செலவாகும். மூன்று தடவையும் அப்படியே கழுவினால் மூன்று வாசிப்புகளும் அழகாக ஒத்துப்போகும், மூன்றும் பிழையாகவே இருக்கும். இதைச் சோதிப்பது எளிது: கழுவும் நீரில் 50 மில்லிலீற்றர் எடுத்து இரண்டு துளி காட்டி இடுங்கள். அமிலம் ஓரிரு துளி விழுந்ததும் மஞ்சள் நிறம் மாறினால் அந்த நீர் உகந்தது. மேற்சொன்ன கிணற்று நீரானால் ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் தேவைப்படும்.

குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசுங்கள். அதன் ஈரம் வாசிப்பைப் பாதிக்காது. அளவியையும் (திருகுபிடியுள்ள, அளவு குறித்த நீள்குழாய்) குழாயியையும் (குறித்த கனவளவுக் கரைசலை எடுத்து மாற்றும் குழாய்) அவற்றில் நிரப்பப்போகும் கரைசலாலேயே இறுதியாக அலச வேண்டும். குழாயியின் நுனியில் எஞ்சும் துளியை ஊதித் தள்ளக்கூடாது, நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

நான் படித்த காலத்தில், அளவியின் திருகுபிடிக்குக் கீழே உளுந்தளவு காற்றுக் குமிழி ஒன்று நின்றதைக் கவனியாமல் தொடங்கிவிட்டேன். இடையில் அது வெளியேறியதும், அது அடைத்திருந்த இடத்தை நிரப்பிய அமிலமும் வாசிப்பில் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து, தொடங்குமுன் திருகுபிடியை ஒருகணம் முழுதாகத் திறந்து குமிழியை வெளியேற்றாமல் நான் வாசிப்பை எழுதியதில்லை. புனலையும் எடுத்துவிடுங்கள், பிறையுருவின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் பலரைக் கவலைப்படுத்துகிறது. நீர் 25 பாகை செல்சியசிலிருந்து 32 பாகைக்குச் சூடாகும்போது 0.2 சதவீதமே விரிகிறது, அதாவது 25 மில்லிலீற்றருக்கு ஒரு துளியளவு. இரு கரைசல்களையும் வெயில் படாத ஒரே மேசையில் வைத்திருந்தால் அதுவும் பெரிதும் ஈடாகிவிடும்.

சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் திறந்து வைப்பதே அதைவிடக் கெடுதி. அது காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் காபனேற்றாக மாறுவதால், பினோப்தலீன் காட்டியுடன் அமில வாசிப்புக் குறைந்துவிடும். கொதிக்கவைத்து ஆறவிட்ட, காய்ச்சி வடித்த நீரில் அதைத் தயாரித்து, இறப்பர் அடைப்பானால் மூடி, பயன்படுத்தும் அன்று காலையிலேயே செறிவைக் கண்டறிந்துகொள்ளுங்கள்.